என் தங்கை நடித்த என் ஞாபகம்

மகள் கல்யாணத்துக்காக ஷார்ஜாவிலிருந்து மனைவி, பிள்ளைகளுக்கு முன்னால் நான் மட்டும் கிளம்பி வந்தேன். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் பாண்டிச்சேரியில் என் மச்சான் பார்த்துக்கொள்கிறார். என்னை நம்பி யாரும் எந்த வேலையும் கொடுக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வேலை. கடலூரில் அப்பா வீட்டுக்குப் போய் அம்மாவுக்குப் படையல் போட வேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் புருஷன் உயிரோடு இருக்கும்போதே செத்துப்போகிற பெண், அந்த வீட்டுக்குத் தெய்வமாகிவிடுவாள். பூவாடைக்காரி என்போம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். அவளுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி, மஞ்சள் எல்லாம் அதற்குள். படையல் அன்று பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற சேலையை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, புதுச்சேலை வைத்து மூடுவார்கள். அடுத்த படையல்வரை யாரும் அதைத் தொடக் கூடாது.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணப் படையல் என்றால், இலையில் எல்லாம் பரிமாறி முடிந்ததும், செத்தவருக்குக் கடைசியாக வாயில் தண்ணீர் ஊற்றியவர் யாரோ அவர்தான் சொம்பிலிருந்து தண்ணீர் விட்டு அவளைக் கூப்பிட வேண்டும். அந்தக் குரலுக்குத்தான் அவள் வருவாள். அம்மாவுக்குக் கடைசியாக ஊற்றியது நான். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் நடக்கப்போகிற முதல் கல்யாணம் என் மகளுடையது. அதனால்தான் இந்தப் பயணம்.

செம்மண்டலத்துக்கு ஆட்டோ பிடித்தேன். டிரைவர் என் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைப் பார்த்துவிட்டு, "துபாயா சார்?" என்றார். ஷார்ஜா என்றேன். "எல்லாம் ஒன்னுதான் சார்" என்றார். ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாய்க்கு வேலைக்குப் போகிறவன் தினமும் ரோட்டில் நிற்கிற நேரத்தை இவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்று விட்டுவிட்டேன். வழியெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். போன தடவை வந்தபோதும் தோண்டித்தான் போட்டிருந்தார்கள். அதே குழிதானா என்று கேட்டேன். "அது பாதாள சாக்கடை சார். இது குடிதண்ணி" என்றார், ஏதோ அவரே தோண்டியது மாதிரி.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "வாடா. இன்னா இப்படி எளைச்சிட்ட? அங்க சோறு போடறதில்லியா?" என்றார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கிவிட்டார், காது மட்டும்தான் கொஞ்சம் மந்தம். கடலூரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரைக்கும் எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள், எந்த வாத்தியார் சில்லறை இல்லை என்று தினமும் பொய் சொல்வார், எந்த ஊர்ப் பெண்பிள்ளை கல்யாணமாகி எந்த ஊரில் இறங்க ஆரம்பித்தாள் என்பதெல்லாம் இன்றைக்கும் மனப்பாடம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு மறதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சங்கரா மீன் வாங்கி அவரே குழம்பு வைத்திருந்தார். ஷார்ஜாவில் எங்களுக்கு ஷேரி மீன்தான். எவ்வளவு புளி ஊற்றினாலும் மீன் ஒரு பக்கமும் குழம்பு ஒரு பக்கமும் நிற்கும். இங்கே இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து பரணைப் பார்த்தால் பெட்டி இல்லை.

"பெட்டி எங்கப்பா?"

"கயலு எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. செதம்பரத்துல நாடகம்."

கயல்விழி என் தங்கை. என்னைவிடப் பல வயது இளையவள். பள்ளிக்கூடங்களில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவோடு இருப்பது அவள்தான். கொஞ்ச காலமாக ஒரே ஆளாக நின்று ஒரு நாடகம் போடுகிறாள் என்று போனில் சொல்லியிருந்தாள். செத்தவர்கள் விட்டுப்போகிற சாமான்களைப் பற்றி, யாருக்கு எது வந்து சேருகிறது என்பதைப் பற்றி என்றாள். நல்லது என்றேன். அந்தச் சாமான் எங்கள் வீட்டுச் சாமானாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"படையல் பெட்டியவாப்பா மேடைக்கு எடுத்துக்கிட்டுப் போவாங்க? தொறக்கக் கூடாதுல்ல?"

"உங்கம்மா இருந்தவரைக்கும் எங்கடா போனா? நாலு ஊரு பாத்துட்டு வரட்டுமே."

"நீ அந்த நாடகத்தப் பாத்தியா?"

"இதுவரைக்கும் போட்டது எல்லாத்தையும் பாத்துட்டேன். முன்னால சேர் போட்டு உக்கார வெப்பா. அழுவாச்சியா வரும்டா" என்றார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். ஷார்ஜா பஸ்ஸில் டிரைவர் யாரோடும் பேச மாட்டார், பயணிகளும் பேச மாட்டார்கள், ஏசி மட்டும்தான் சத்தம் போடும். இங்கே டிரைவர் ஒரு கல்யாணத்தில் பந்தி சரியில்லாமல் போனதைக் கண்டக்டரிடம் சொல்ல, கண்டக்டர் அதை எல்லோருக்கும் கேட்கிறபடி மறுத்துக்கொண்டிருந்தார். சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி மூக்கில் ஏறியபோதுகூட யாரும் பேச்சை நிறுத்தவில்லை, கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார்கள். புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டிக்கு அடியில் ஏதோ உடைந்தது. இறங்கி எல்லோரும் குனிந்து பார்த்தோம். என்ன உடைந்தது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கண்டக்டர் மட்டும் நிதானமாக, "பின்னால வண்டி வரும், ஏறிக்குங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார்.

பின்னால் வந்த வண்டிகள் நிற்கவே இல்லை. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் மீன்கூடைகளோடு என்னையும் திணித்தார்கள். ஐஸ் உருகி என் செருப்பு நனைந்தது. கூடைக்காரம்மா என் பேண்ட்டைப் பார்த்து, "கல்யாண வீட்டுக்குப் போறியா தம்பி? எங்கூட வந்தா எவனும் பக்கத்துல குந்த மாட்டான்" என்று சிரித்தார். பக்கத்தில் வடக்கத்தி இளைஞர் ஒருவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். வளைகுடா எனக்கு இந்தியைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. "அப்பாவின் கட்டிலை அவன் எடுத்துக்கொண்டானா? சரி. விசிறியையுமா? அப்படியானால் அப்பா எங்கே படுத்திருந்தார் என்று இனி யாரிடம் காட்டுவாய்?" என்றார். பிறகு மறுமுனையில் என்ன சொன்னார்களோ, போனை மடியில் வைத்துவிட்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

சிதம்பரத்தில் மதியச் சாப்பாடு மேல வீதிக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் தனியாகக் கேட்டு வாங்கினேன். ஷார்ஜாவில், ரோலாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற தமிழ்க் கடையில் 'சிதம்பரம் கொத்சு' என்று எழுதிப்போட்டு சாம்பாரில் கத்தரிக்காயை மிதக்க விடுவார்கள். அதையும் நாங்கள் ஊர் ருசி என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவோம். இதைச் சாப்பிட்ட பிறகு இத்தனை வருஷம் ஏமாந்தது உறைத்தது. அந்த நேரத்தில் அது வெறும் கொத்சு விஷயமாகத்தான் இருந்தது.

நாடகம் சாயங்காலம், ஒரு பள்ளிக்கூடத்து அரங்கில். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். வாத்தியார்கள், அவர்களின் குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள், பக்கத்துத் தெருப் பெண்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. கயலுக்கு நான் வருவது தெரியாது. பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் ஒன்றுமே இல்லை, எங்கள் தகரப் பெட்டி மட்டும். அம்மா சீராகக் கொண்டு வந்த பெட்டி, பச்சை பெயிண்ட் உரிந்து போனது. அதன்மேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது.

கயல் நன்றாக நடித்தாள். அதை மறைக்க மாட்டேன். மைக் பாதியில் கரகரத்தபோது அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் குரலில் பேசினாள், கடைசி வரிசையில் எனக்குக் கேட்டது. அம்மாவின் நடையை நடந்தாள். அப்பா மாதிரியே விசில் ஊதினாள். அப்புறம் காதில் கையை வைத்துக்கொண்டு, "ஹலோ… ஹலோ… சிக்னல் இல்ல… பணம் வந்துச்சா? சரி, பத்திரமா இருங்க, வெச்சிடறேன்" என்றாள். அரங்கமே சிரித்தது. கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது, அது நான். நாடகம் முழுக்க நான் ஒரு போன். மூன்று இடங்களில் மணி அடித்தேன், மூன்று இடங்களிலும் சிரித்தார்கள்.

பிறகு பெட்டியைத் திறந்தாள். சேலையை எடுத்து முகத்தில் புதைத்துக்கொண்டு, "இன்னும் அம்மா வாசனை போவல" என்றாள். எனக்கு முன்னால் இருந்த பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்தச் சேலையை அம்மா கட்டியதே இல்லை. போன படையலுக்கு எனக்கு லீவு கிடைக்காமல் போனபோது, என் மனைவி ஷார்ஜாவில் ஒரு சிந்தி கடையில் வாங்கி, ஊருக்கு வந்த நண்பர் கையில் கொடுத்தனுப்பியது. அதில் வாசனை என்று ஏதாவது இருந்தால் அந்த நண்பரின் சூட்கேஸ் வாசனையாகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தது. நாடகம் என்றால் இதெல்லாம் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்த காட்சிதான் ஆஸ்பத்திரி.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் லீவில் வந்திருந்த சமயம் அது. அரசு ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில். அப்பா ஊசி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கயல் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை நேரம். அம்மா பன்னீர் சோடா கேட்டாள். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் லேப் டெக்னீஷியன், ஏன் கூடாது என்பது எனக்குத் தெரியும். இனி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான் என்பதும் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் இருந்த பன்னீர் சோடா பாட்டிலைக் கேட்டு வாங்கி, அதன் மூடியில் ஊற்றி அம்மாவின் உதட்டில் வைத்தேன். உறிஞ்சிவிட்டு, "ஜில்லுனு இல்லடா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. அப்பா மருந்தோடு மேலே வந்தபோது மூடி என் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கயல் வந்து சேர்ந்தாள். கூட இல்லாமல் போனேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதவளுக்கு நான்தான் இதைச் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டாள், திரும்பத் திரும்பச் சொன்னேன். ஷார்ஜா போன பிறகு போனிலும் பல தடவை. மூடி என்ன நிறம் என்றுகூடக் கேட்டாள். பாவம், அவளுக்கும் அம்மாவிடமிருந்து ஏதாவது இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாரிடமும் நான் இதைப் பேசியதில்லை, என் மனைவியிடம்கூட.

மேடையில் கயல் இல்லாத கட்டிலின் ஓரம் உட்கார்ந்தாள். இல்லாத பாட்டிலைத் திறந்தாள். இல்லாத மூடியில் ஊற்றினாள், அது ததும்பிவிடாமல் இருக்க இன்னொரு கையை அடியில் பிடித்தாள். குனிந்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். பிறகு அம்மாவாக மாறி, "ஜில்லுனு இல்லடி" என்றாள்.

அரங்கில் அங்கங்கே விசும்பல்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்து, "பெத்த பொண்ணு கையால குடிச்சிட்டுப் போயிருக்கு, குடுத்து வெச்ச அம்மா" என்றார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குள் புகுந்து திருடினால் போலீஸுக்குப் போகலாம். இதற்கு எங்கே போவது?

முடிந்ததும் கைதட்டல் ஓயவே இல்லை. கயல் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ண்ணா! எப்ப வந்த? சொல்லவே இல்ல பாரு!" முகமெல்லாம் பூரிப்பு. கீழ வீதியில் ஒரு டீக்கடை வாசலுக்குப் போனோம். அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "எப்படிண்ணா இருந்துச்சு?" என்றாள்.

"மூடியில ஊத்துனது நான், கயல்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை. "தெரியும்ண்ணா."

"அப்புறம்?"

"மேடையில நா ஒருத்திதான நிக்கிறேன்? எங்க அண்ணன் போன்ல சொன்னாருன்னு சொன்னா எவன் அழுவான்?"

"அழலன்னா போவட்டும். நீ அங்க இல்லவே இல்லியே."

"நீ எங்கண்ணா இருந்த?" குரல் உயரவில்லை, அதுதான் எனக்கு ஜாஸ்தி வலித்தது. "அப்பாவுக்குக் கண்ணு ஆப்பரேஷன் ஆனப்ப யாரு இருந்தா? வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள தண்ணி ஏறுனப்ப இந்தப் பெட்டியத் தலையில வெச்சிக்கிட்டு நின்னது யாரு? நீ போன் பண்ணி பத்திரமா இருங்கன்ன. நீ ஊத்துனது ஒரு மூடி. அத எனக்குக் குடுத்துட்டுப் போயிட்ட. நா அத வெச்சிக்கிட்டுதான் இத்தன வருஷம் இருந்தேன்."

"குடுக்கல கயல். சொன்னேன்."

"ரெண்டும் ஒன்னுதான் எனக்கு."

வெள்ளத்தையும் ஆப்பரேஷனையும் பற்றி அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நான் பணம் அனுப்பிக்கொண்டே இருந்ததையும், லேப்பில் ரத்தப் பரிசோதனைக் குழாய்களுக்கு நடுவே பதினைந்து வருஷம் நின்றதையும் யாரும் நாடகமாகப் போடப்போவதில்லை. கடைசியில் நான் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன். "படையல்ல யாரு ஊத்தப் போறது?"

"இன்னாண்ணா இது? நீதான். அத யாரு இல்லன்னா? இது நாடகம். அது வீடு." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு அது போதும் என்று தோன்றியது. ஊருக்கு முன்னால் அவள் என்னவாக வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும், அம்மாவுக்கு முன்னால் நான் நானாக இருந்தால் போதும்.

அவளுக்கு அடுத்த நாள் அந்தப் பள்ளியில் வகுப்பு இருந்தது. நான் பெட்டியோடு பாசஞ்சர் ரயிலில் ஏறினேன். பரங்கிப்பேட்டையில் ஏறிய ஒரு டீச்சர் எதிரில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். பொறுக்க முடியாமல் கேட்டும்விட்டார். "சார், இது அந்த நாடகத்துப் பெட்டிதானே? எங்க ஸ்கூல்ல வந்து போட்டாங்க. அந்த சோடா சீன்ல எங்க ஹெட்மிஸ்ட்ரஸே அழுதுட்டாங்க. நீங்க அவுங்களுக்கு இன்னா வேணும்?"

"அண்ணன்."

"ஓ… அந்த வெளிநாட்டு அண்ணனா?" என்றார். முகத்தில் மரியாதை குறைந்துவிட்டதை மறைக்கத் தெரியாத நல்ல பெண். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "பரவால்ல சார், எல்லாராலயும் கூட இருக்க முடியாது" என்றார். நான் அங்கே இருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் நம்புவாரா? கண்ணால் பார்த்ததைவிடவா நான் சொல்வதை நம்பப்போகிறார்?

கடலூரில் இரண்டு ஸ்டேஷன். ஊருக்குள் போக வேண்டுமென்றால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வேண்டும். கடலூர் என்று பெயர்ப்பலகையைப் பார்த்து முன்னாலேயே இறங்கினால் துறைமுகத்தில் நிற்க வேண்டியதுதான். அப்படி இறங்குகிறவர்களைப் பார்த்து, அசலூர்க்காரன் என்று அப்பா சிரிப்பார். அந்த டீச்சரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் துறைமுகத்தில் இறங்கிவிட்டேன். ஆட்டோக்காரர் ஊருக்குப் புதுசா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

படையலுக்கு முந்தின நாள் மஞ்சக்குப்பத்தில் சேலை எடுத்தேன். அரக்குக் கலர், அம்மாவுக்குப் பிடித்தது. கடைப்பெண் யாருக்கு என்று கேட்டாள், அம்மாவுக்கு என்றேன். வயசானவுங்களுக்கு இந்தக் கலர் ஜாஸ்தி சார் என்றாள். அம்மாவுக்கு இப்போது என்ன வயது என்று எனக்கும் தெரியவில்லை. அதையே கட்டச் சொன்னேன்.

படையல் அன்று காட்டுமன்னார்கோயிலிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தது. அம்மாவை முன்பெல்லாம் கெடிலம் ஆற்றிலிருந்து கலசத்தில் அழைத்து வருவது வழக்கம். ஆற்றுத் தண்ணீர் இப்போது கையில் படுகிற மாதிரியா இருக்கிறது? கேன் தண்ணீரைக் கலசத்தில் ஊற்றி, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தோம். சித்தி அதற்கும் குலவை போட்டார். வடை, பாயசம், கொழுக்கட்டை, முருங்கைக்கீரை என்று இலை நிறைந்தது. பெட்டியைத் திறந்து பழைய சேலையை எடுத்து அப்பா கயலிடம் கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அரக்குச் சேலையை உள்ளே வைத்தேன். ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எதிரில் ஸ்டூலில் சாய்த்து வைத்திருந்தோம்.

அப்பா சொம்பை எடுத்தார். "கடைசித் தண்ணி ஊத்துனவுங்க முன்னால வாங்க" என்றார். நான் ஒரு அடி முன்னால் வைத்துக் கையை நீட்டினேன். சொம்பு என்னைத் தாண்டிப் போனது.

"கயலு, வாம்மா."

"அப்பா, நான்…" என்றேன்.

காது மந்தம் என்று நினைத்தேன். இல்லை, கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தார். "நீ எங்கடா அங்க இருந்த? சின்னவதான மூடியில ஊத்துனா. அன்னிக்கு அவ பட்ட பாடு எனக்குல்ல தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து அத்தனை தடவை பார்த்தது அவருக்குள் அப்படியே நடந்ததாகிவிட்டிருந்தது.

"ஆமா, நாங்களும்தான பாத்தோம்" என்றார் சித்தி.

இலை முன்னால் பேச்சு வளர்ந்தால் வந்தவள் திரும்பிப் போய்விடுவாள் என்பார்கள். என் மகள் கல்யாணம். நான் வாயை மூடிக்கொண்டு கயலைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அண்ணன்தாம்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதைச் சொல்ல ஒரு மூச்சுகூட வேண்டாம். அவள் உதடு அசைந்தது. சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். பிறகு இரண்டு கையாலும் சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, கொஞ்சம் தள்ளுங்க, அத்த தெரியல" என்றது போனிலிருந்து என் மகளின் குரல். நான் தள்ளி நின்றேன்.

கயல் தண்ணீர் விட்டாள். "அம்மா… வாம்மா… பேத்திக்குக் கல்யாணம்மா…" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலை என்னால் குறை சொல்ல முடியாது. சித்தி கதறினார். போனில் என் மகள் அழுதாள். எனக்கும் அடக்க முடியாமல் வந்துவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்பா பக்கத்தில் வந்து என் தோளில் கையைப் போட்டார். பஸ்ஸில் அழுகிற பிள்ளைகளிடம் பேசுகிற குரலில் மெதுவாகச் சொன்னார்.

"அழுவாதடா. நீ கூட இல்லன்னு அவ ஒன்னும் நெனச்சிக்க மாட்டா. தூரத்துல இருந்த, நீ இன்னா பண்ணுவ?"

"சரிப்பா" என்றேன்.